நாய் வளர்ப்போரும் அண்டை வீட்டார் அறிவுரையும்

மனிதன் தன்னோடு கூட்டி வாழும் பிராணிகளுள் நாயே மிகத் தொன்மையானது. ஆடு மாடுகளைப் பழக்குவதற்குப் பல்லாண்டு முன்னரே ஓநாயின் வழித்தோன்றலாகிய இஃது அவனை அண்டி வாழத் தொடங்கிற்று என்பது அறிஞர் துணிபு. யானையோடு நாயை ஒப்பிட்டு, தன்னை ஆள்பவன் விடுத்த படை உடம்பில் தைத்திருக்கும்போதும் அவனைக் கண்டு மகிழும் நாயின் நட்பையே மேலானதென்று நாலடியார் போற்றுகிறது. இத்துணை அன்புடைய பிராணிக்கு ஒரு பெருங்குறை உண்டு. தனக்கு உற்றது இன்னதென்று அது வாய் திறந்து சொல்லமாட்டாது. அதனை வளர்ப்பவனே குறிப்பால் உணர்தல் வேண்டும்.

ஆகவே நாய் வளர்ப்போர் எங்கே கூடினும் அங்கே வினாவும் விடையும் பிறத்தல் இயல்பு. காலையில் நாயை உலாவ அழைத்து வருவோர் தெருமுனையிலே சந்திக்கின்றனர். “உங்கள் குட்டி ஏன் இரண்டு நாளாகச் சோர்ந்திருக்கிறது?” என்று ஒருவர் கேட்கிறார். “எங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்தது” என்று மற்றவர் தொடங்குகிறார். மிருக வைத்தியசாலை அருகில் இல்லாத சிற்றூர்களில் இத்தகைய பேச்சே பலருக்கு முதல் உதவியாகிறது. இவ்வறிவுரைகளுள் கொள்ளத்தக்கன எவை, தள்ளத்தக்கன எவை, கூறுவோரின் கடமை யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அநுபவத்தால் வரும் அறிவு சிறுமையுடையதன்று. நம் நாட்டு இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை நாய்கள் குறுமயிர் உடையன. நம் வெயிலைப் பொறுப்பன. குளிர்நாட்டு அடர்மயிர் நாய்களும், ‘பக்’ முதலிய தட்டை முக நாய்களும் சித்திரை, வைகாசியில் பெரிதும் துன்புறும். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இரைத்தே அது தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. “தார் ரோட்டின்மேல் உமது புறங்கையைச் சற்று நேரம் வைத்துப் பாரும். அது பொறுக்காவிடின் நாயின் பாதமும் பொறாது” என்று பழகியவர் ஒருவர் புதியவருக்குக் கூறும் சொல் ஒன்றே பெரும்பயன் தரும். குட்டி வீட்டினுள் அசுத்தம் செய்தால் அதன் மூக்கை அதிலே தேய்க்க வேண்டும் என்பார் சிலர். இதனால் குட்டி அச்சத்தையன்றி வேறொன்றையும் கற்பதில்லை. உண்டவுடனும் உறங்கி எழுந்தவுடனும் வெளியே கொண்டு சென்று, உரிய இடத்தில் கழித்தபோது தட்டிக் கொடுத்துப் பாராட்டுதலே பயன் தரும் வழி.

இனித் தள்ளத்தக்கன சிலவற்றைக் காண்போம். நம் இல்லங்களில் எஞ்சிய சாம்பார்ச் சோற்றை நாய்க்கு இடுதல் வழக்கம். வெங்காயம், பச்சையாயினும் வெந்ததாயினும், நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களை அழிக்கும். திராட்சையும், பாயசத்திலிடும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லன. சாக்லேட்டும் நஞ்சே. சமைத்த எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும். மூக்கு உலர்ந்திருந்தால் காய்ச்சல் என்பது மற்றொரு நம்பிக்கை. உறங்கி எழுந்த நாயின் மூக்கும் உலர்ந்தே இருக்கும். ஆதலின் அதனைக் கொண்டு ஒன்றும் துணிதல் இயலாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் பாரன்ஹீட் அளவில் 101 முதல் 102.5 பாகை வரை ஆகும். இதனை அறியாதார் 102 பாகையைக் கண்டதும் காய்ச்சலென்று அஞ்சி, தாம் உட்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைக் கொடுத்துவிடுகின்றனர். மனிதருக்கு நலம் தரும் அம்மருந்தும், இப்யூப்ரூஃபன் போன்ற வலி மருந்துகளும், அளவு தவறின் நாயின் உயிருக்கே கேடு விளைப்பன. உண்ணியை ஒழிக்க மண்ணெண்ணெயையோ வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தையோ பூசுமாறு சொல்லுதலும் இத்தகைய கொடிய அறிவுரையே.

உண்ணியைப் பற்றிப் பேசுங்கால், ஒருவர் முயற்சி மட்டும் போதாது என்பதனையும் கருத வேண்டும். இரத்தம் குடித்துப் பருத்த பெண்ணுண்ணி நாயின் உடலைவிட்டு விழுந்து, சுவரின் இடுக்குகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். ஒரு வீட்டார் மருந்திட்டு, அடுத்த வீட்டார் வாளாவிருப்பின், சில வாரங்களில் பழைய நிலையே திரும்பும். ‘பார்வோ’ என்னும் கொடிய கழிச்சல் நோயும் இவ்வாறே. 1978-ஆம் ஆண்டளவில் முதன்முதல் கண்டறியப்பட்ட இந்நோயின் கிருமி மண்ணிலே பல மாதங்கள் அழியாதிருக்கும். குட்டியை இந்நோய்க்குப் பறிகொடுத்த ஒருவர் அதனை மறைத்தால், அத்தெருவிலே விளையாட வரும் அடுத்த குட்டியும் மாளும். அவர் வாய் திறந்து உண்மை கூறின், ஏனையோர் தம் குட்டிகளைக் காப்பர். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, வைத்தியர் குறிக்கும் முறைப்படி தடுப்பூசி முற்றுப்பெறும் வரையில் குட்டியைத் தெருவில் விடாதிருத்தல் நன்று.

இனி எல்லாவற்றினும் தலையாய பொருளுக்கு வருவோம். அது வெறிநாய்க்கடி. இதில் ஒரு தவறான அறிவுரை நாயை மட்டுமன்று, மனிதரையும் கொன்றுவிடும். வெறிநோயின் கிருமி, நோயுற்ற பிராணியின் எச்சிலில் உள்ளது. கடியாலோ, பிறாண்டலாலோ, புண்பட்ட தோலை நக்குதலாலோ அது பிறர் உடலிற் புகும். புகுந்தபின் நரம்பின் வழியே மெல்ல மூளையை நோக்கிச் செல்லும். கடிக்கும் நோய்க்குறிக்கும் இடையே பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் கழியும். ஒரு வாரமாகச் சுருங்குதலும் ஓராண்டாக நீளுதலும் உண்டு. குறிகள் தோன்றிய பின் பிழைப்பார் இல்லை என்றே கூறலாம். ஆயினும் அந்த இடைக்காலமே மனிதனுக்குக் கிடைத்த வாய்ப்பு. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், வெறிநாயால் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தை இடத் தொடங்கியது இவ்வாய்ப்பைக் கருதியே. அச்சிறுவன் பிழைத்தான். அவ்வறிஞர் பெயரால் நம் நீலகிரியின் குன்னூரிலும் 1907-ஆம் ஆண்டில் ஒரு நிலையம் தோன்றிற்று.

இவ்வளவு இருந்தும், கடியுண்டவரைச் சூழ்ந்து நிற்போர் கூறுவன யாவை? மிளகாய்ப்பொடியை வை என்பார் ஒருவர். சுண்ணாம்பைத் தடவு என்பார் மற்றொருவர். “வீட்டு நாய்தானே, சிறு கீறல்தானே” என்று தேற்றுவார் இன்னொருவர். இவை மூன்றும் தீங்கே. மிளகாயும் சுண்ணாம்பும் புண்ணை வருத்துமேயன்றிக் கிருமியைப் போக்கா. சிறு குட்டிக்கும் இந்நோய் வரும். செய்ய வேண்டுவது இதுவே: ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிஷம் புண்ணைக் கழுவுக. சோப்பு அக்கிருமியின் கொழுப்பாலாய மேலுறையைச் சிதைக்கும். பின்னர்த் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்க. தொப்புளைச் சுற்றிப் பல ஊசி இடுவர் என்று அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுவோர் இன்னும் உளர். ஆட்டின் மூளையிலிருந்து செய்த அப்பழைய மருந்து 2005-ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் கைவிடப்பட்டது. இக்காலத்து மருந்து மேற்கையில் இடப்படுவது. ஒரு மாதத்துள் 4 அல்லது 5 முறையில் முடிவது. ஆழ்ந்த கடியாயின் புண்ணைச் சுற்றி வேறொரு மருந்தும் இடுவர். இடையில் நிறுத்தலாகாது. கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் 10 நாள் கட்டி வைத்துக் கவனித்தல் வேண்டும். ஆனால் அதுவரை ஊசியைத் தள்ளிவைத்தல் கூடாது.

நோய் வருமுன் காத்தலும் வளர்ப்போர் கையிலேயே உள்ளது. நாய்க்கு மூன்று மாதம் நிரம்பியவுடன் தடுப்பூசியிட்டு, பின்னர் ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு 70 இவ்வாறு காக்கப்படின் நோய் அவ்வூரில் பரவாது ஒழியும் என்பது அறிஞர் முடிபு. பாஸ்டர் மறைந்த நாளாகிய செப்டம்பர் 28-ஐ ஒட்டிப் பல ஊர்களில் இலவச ஊசி முகாம்கள் நடைபெறுகின்றன. “நாளை முகாம், நானும் வருகிறேன்” என்று அயலாரை அழைத்துச் செல்பவர் ஊருக்கே காவல் செய்தவராவர்.

ஆகவே அறிவுரை கூறுவோர்க்கு வேண்டுவன மூன்று. கண்டதைக் கண்டபடி கூறுதல் ஒன்று. நாயின் வயது, எடை, உண்டது, ஊசியிட்ட நாள் இவற்றைக் கேட்டறிந்த பின்னரே வாய் திறத்தல் ஒன்று. தம் அறிவின் எல்லையை உணர்ந்து வைத்தியரிடம் அனுப்புதல் ஒன்று.

அறிவுரைக்கு அப்பாலும் உதவி உண்டு. வெளியூர் செல்வோர் நாய்க்குச் சோறும் நீரும் வைத்தல், காணாமற்போன நாயைத் தேடித் தெருத் தெருவாய் அலைதல், வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் ஆகிய இவை எல்லாம் சொல்லினும் சிறந்தன. பன்னிரண்டு ஆண்டு வளர்த்த நாயை இழந்தவரிடம் “நாய்தானே, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்” என்பது ஆறுதலாகாது. அவர் அருகே சிறிது நேரம் வாளா அமர்ந்து, அந்நாயின் குறும்புகளை அவர் சொல்லக் கேட்டிருத்தலே போதும். நல்ல சமாரியன் வழியிற் கிடந்தவனுக்குப் புத்தி சொல்லிக் கடந்துபோனான் அல்லன். காயங்கட்டித் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரம் வரை உடன் சென்றான். நாய்க்கடியுண்ட ஏழைக் குழந்தையை நாம் தெருவிற் காணுங்கால், அதன் புண்ணைக் கழுவி, மருத்துவமனை வரை உடன் சென்று, ஊசி முற்றும் வரை நினைவூட்டி வருதலே நாய் வளர்ப்போராகிய நமக்குரிய கடமையாகும்.