உடற்பயிற்சி செய்தால் சுகர் குறையுமா, ஏறுமா? ஒரே வாக்கிங் ஆளுக்கு ஆள் மாறுவது ஏன்?

"தினமும் வாக்கிங் போங்க, சுகர் தானா குறையும்." சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் டாக்டர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்லும் அறிவுரை இதுதான். பெரும்பாலும் இது உண்மையும்கூட.

ஆனால், ஜிம்மில் வெயிட் தூக்கிவிட்டு வந்து குளுக்கோமீட்டரில் பார்த்தால் சிலருக்கு சுகர் ஏறியிருக்கிறது. வேறு சிலருக்கு சாயங்காலம் ஷட்டில் ஆடியபோது ஒன்றும் ஆகாமல், நடு இரவில் சுகர் இறங்கி வியர்த்துக் கொட்டுகிறது. இது ஏன் நடக்கிறது? யார் கவனமாக இருக்க வேண்டும்?

தசைக்குள் என்ன நடக்கிறது?

ஆரோக்கியமான ஒருவரின் மொத்த ரத்தத்திலும் கலந்திருக்கும் குளுக்கோஸ் சுமார் 4 முதல் 5 கிராம்தான். அதாவது, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் சர்க்கரை. மற்றதெல்லாம் 'கிளைகோஜன்' என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது.

சாதாரண நேரத்தில் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் தசைக்குள் போக வேண்டுமென்றால் இன்சுலின் என்ற சாவி வேண்டும். அது வந்தால்தான் தசை செல்லின் கதவு திறக்கும். ஆனால் நடக்கும்போதும் ஓடும்போதும் தசை சுருங்கி விரிகிறது அல்லவா? அந்த அசைவே இன்சுலின் இல்லாமலும் கதவைத் திறந்துவிடுகிறது.

சர்க்கரை நோய்க்கு உடற்பயிற்சி மருந்தாவது இப்படித்தான்.

சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு?

இவர்கள் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தாலும் சுகர் அளவு பெரிதாக மாறாது. தசை குளுக்கோஸை இழுக்கத் தொடங்கியதுமே கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். கூடவே 'குளுகோகான்' என்ற ஹார்மோன் கல்லீரலைத் தட்டி எழுப்பும். தசை எவ்வளவு எடுக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவையும் கல்லீரல் ரத்தத்தில் விட்டு ஈடுகட்டிவிடும்.

மூச்சு வாங்க ஓடினால் கதை வேறு. அப்போது அட்ரினலின் சுரந்து, தசை எடுப்பதைவிட அதிகமான குளுக்கோஸைக் கல்லீரல் கொட்டும். அதனால் சுகர் நோய் இல்லாதவருக்கும் கொஞ்ச நேரம் அளவு ஏறலாம். ஓட்டம் நின்றதும் கணையம் இன்சுலினைச் சுரந்து அதைச் சரிசெய்துவிடும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

டைப் 2 உள்ளவர்களுக்கு?

நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இந்த வகைதான். இவர்கள் உடலில் இன்சுலின் இருக்கும். ஆனால் கதவு அதற்குச் சரியாகத் திறக்காது. வாக்கிங் போகும்போது தசையின் அசைவே கதவைத் திறப்பதால் சுகர் இறங்குகிறது.

பலன் அந்த அரை மணி நேரத்தோடு முடிவதில்லை. உடற்பயிற்சிக்குப் பிறகு 24 முதல் 48 மணி நேரம் வரை இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்யும். அதன் பிறகு அந்தப் பலன் மெல்ல மெல்லப் போய்விடும். "ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் நடந்துடறேன்" என்பது போதாது என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். தொடர்ந்து 2 நாட்களுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது பொதுவான பரிந்துரை.

இன்சுலின் போடுபவர்களுக்கு ஏன் கூடுதல் கவனம்?

கணையம் தானாகச் சுரக்கும் இன்சுலினை உடல் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளும். ஊசி மூலம் உள்ளே போன இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரு பக்கம் ஊசி மருந்து, இன்னொரு பக்கம் தசையின் இழுப்பு. இரண்டும் சேரும்போது சுகர் சரசரவென்று இறங்கிவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. தானே இன்சுலின் போட்டுக்கொண்ட பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்.டி.லாரன்ஸ், உடற்பயிற்சி இன்சுலினின் வேலையைக் கூட்டுகிறது என்று 1926-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்.

ஊசி போட்ட இடமும் முக்கியம். தொடையில் போட்டுவிட்டு உடனே ஓடினால், மருந்து வேகமாக ரத்தத்தில் கலக்கும்.

நள்ளிரவில் சுகர் இறங்குவதற்கும் காரணம் இருக்கிறது. விளையாடும்போது காலியான கிளைகோஜனை தசைகள் பல மணி நேரம் கழித்தும் நிரப்பிக்கொண்டே இருக்கும். அதற்கான குளுக்கோஸ் ரத்தத்திலிருந்துதான் போகிறது.

அதற்காக விளையாட்டே கூடாது என்று அர்த்தம் இல்லை. பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரமுக்கு 1997-ல் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டது. அதன் பிறகும் 2003 உலகக் கோப்பை வரை அவர் பந்து வீசினார்.

எந்த மாத்திரை என்பதும் முக்கியமா?

ஆமாம். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. இவற்றைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடந்தால் சுகர் மிகவும் இறங்கிவிட வாய்ப்பு உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு.

பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். சுகர் இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் இவர்களுக்கு வெளியே தெரியாமல் போகலாம்.

அப்படியானால் சிலருக்கு ஏறுவது ஏன்?

முதல் காரணம், கனமான வெயிட் தூக்குவதும் அதிவேக ஓட்டமும். அட்ரினலின் தூண்டுதலால் கல்லீரல் கொட்டும் குளுக்கோஸைச் சமாளிக்க இவர்களிடம் போதிய இன்சுலின் இருக்காது. ஏறிய அளவு பெரும்பாலும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். எனவே மீட்டரைப் பார்த்துவிட்டு ஜிம்மை நிறுத்த வேண்டியதில்லை. தசையை வளர்ப்பது சுகருக்கு நீண்ட கால நன்மைதான்.

இரண்டாவது காரணம் ஆபத்தானது. டைப் 1 உள்ளவர்கள் இன்சுலின் போடாமல் விட்டு, சுகர் 250-ஐத் தாண்டி, சிறுநீரில் கீட்டோனும் இருந்தால் அந்த நேரத்தில் உடற்பயிற்சி கூடவே கூடாது. உடலில் இன்சுலின் இல்லாதபோது உடற்பயிற்சி செய்தால் சுகரும் கீட்டோனும் மேலும் ஏறும். முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

இன்சுலினோ மேலே சொன்ன மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கான பொதுவான அளவுகள் இவை:

* 90-க்குக் கீழ் இருந்தால்: முதலில் ஒரு வாழைப்பழம் போல ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.
* 90 முதல் 250 வரை: பெரும்பாலானவர்கள் உடற்பயிற்சியைத் தொடங்கலாம்.
* 250-க்கு மேல்: டைப் 1 என்றால் கீட்டோன் பரிசோதனை அவசியம். உடம்பு சரியில்லை என்று தோன்றினால் யாராக இருந்தாலும் அன்று ஓய்வு.

நடக்கும்போது கை நடுக்கம், திடீர் வியர்வை, அகோரப் பசி, கண் இருட்டுவது போன்ற அறிகுறிகள் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். சுகர் 70-க்குக் கீழ் இருந்தால் 3 டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். மீட்டர் கையில் இல்லை என்றாலும் காத்திருக்கக் கூடாது. 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதித்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். மயங்கி விழுந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

எப்போது நடந்தால் பலன் அதிகம்?

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் டைப் 2 உள்ள 41 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் மொத்தமாக நடந்ததைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு 10 நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சுகர் சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த வித்தியாசம் 22 சதவீதம்.

"காலையில எழுந்து நடக்க நேரமே இல்ல" என்பவர்களுக்கு இது நல்ல செய்தி. சாப்பிட்டதும் உட்காராமல் தெருவில் ஒரு சுற்று போய் வந்தாலே பலன் உண்டு.

எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு?

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்களோ சுமார் 13.6 கோடி பேர்.

அந்த நிலையில் இருந்த 531 பேரை வைத்து சென்னை மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. வழக்கம்போல் இருந்தவர்களில் 3 ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் வந்தது. நடைப்பயிற்சி, உணவு என்று பழக்கத்தை மாற்றியவர்களில் அது 39 சதவீதமாக இருந்தது.

புதிதாக உடற்பயிற்சி தொடங்குபவர்கள் முதல் சில நாட்களுக்கு, செய்வதற்கு முன்னும் பின்னும் சுகரைப் பார்த்து எழுதிவைப்பது நல்லது. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டினால், மருந்தின் அளவை அதற்கேற்ப அவர் மாற்றித் தருவார். "நல்லா நடக்கிறேனே" என்று தாங்களாகவே மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் கூடாது.

சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் நடப்பதைத் தவிர்த்து, திரும்பி வந்ததும் பாதத்தில் கொப்புளமோ காயமோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விழித்திரை பாதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் ஜிம்முக்குப் போகும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.