மாடுகளுக்கு இரத்தப் பரிசோதனை: தாதுக் குறையைக் கண்டறிவது எப்படி?

வயிறு நிறையத் தீவனம் போட்டும் சில பசுக்கள் உரிய காலத்தில் பருவத்திற்கு வருவதில்லை. கருப்பு மாட்டின் மயிர் செம்பட்டையாக வெளிறுகிறது. கண்ணைச் சுற்றி மூக்குக் கண்ணாடி போட்டது போல் வெளுப்புத் தட்டுகிறது. கன்றுகள் வளர்ச்சி குன்றி நிற்கின்றன. தாமிரச் சத்துக் குறைந்தால் இவ்வாறு நேரலாம். தோல் தடித்து வெடிப்பதும், புண் ஆறத் தாமதமாவதும் துத்தநாகக் குறைவால் வரக்கூடும். ஆனால் குடற்புழுவாலும் தீவனப் பற்றாக்குறையாலும் மாடுகள் இப்படி மெலிந்து, பருவத்திற்கு வராமல் போவதுண்டு. காரணத்தைப் பிரித்தறிய இரத்தப் பரிசோதனை உதவுகிறது.

அளவு மிகச் சிறிது

300 கிலோ எடையுள்ள பசுவின் உடலில் சுமார் 20 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதிலுள்ள தாமிரம் முழுவதையும் திரட்டினாலும் ஏறக்குறைய 20 மில்லிகிராம்தான் தேறும். இரத்தம் உறைந்தபின் மேலே பிரியும் தெளிந்த நீருக்குச் சீரம் என்று பெயர். ஒரு லிட்டர் சீரத்தில் தாமிரம் 0.6 முதல் 1.5 மில்லிகிராம் வரையிலும், துத்தநாகம் 0.8 முதல் 1.4 மில்லிகிராம் வரையிலும் இருப்பது பொதுவாக இயல்பான நிலை.

அளக்கும் விதம்

ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஆலன் வால்ஷ் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இதற்கு வழி வகுத்தது. சீரத்தை நீர்த்துச் சுவாலையில் தெளிக்கிறார்கள். தாமிரத்திற்கே உரிய ஒளியை அச்சுவாலையின் ஊடே செலுத்துகிறார்கள். தாமிர அணுக்கள் அவ்வொளியை விழுங்கிக் கொள்கின்றன. எவ்வளவு ஒளி குறைந்தது என்பதைக் கொண்டு தாமிரத்தின் அளவு கணக்கிடப்படுகிறது. சுவாலைக்குப் பதிலாக மின்சாரத்தால் சூடேற்றும் கிராபைட் குழாயைப் பயன்படுத்தினால் ஒரு சிறு சொட்டுச் சீரமே போதும். ஒரே மாதிரியில் பல தாதுக்களைச் சேர்த்து அளக்கும் கருவிகளும் இப்போது உள்ளன.

இரத்தம் எடுக்கும்போது

கால்நடை மருத்துவர் கழுத்திலுள்ள இரத்தக் குழாயிலிருந்து 5 முதல் 10 மில்லி வரை எடுப்பார். இதனால் மாட்டிற்குத் தீங்கில்லை. ஆனால் சாதாரண ரப்பர் மூடியிலிருந்து துத்தநாகம் கசிந்து இரத்தத்தில் கலந்துவிடும். தூசி பட்டாலும் கணக்குத் தவறும். ஆகவே நுண் தாதுப் பரிசோதனைக்கென உள்ள குழாயையே பயன்படுத்த வேண்டும். குழாயைக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றிலுள்ள துத்தநாகம் சீரத்தில் சேர்ந்துவிடும். குறை இருந்தும் இல்லாதது போல் முடிவு வரும். காய்ச்சலோ மடிநோயோ உள்ள மாட்டில் தாமிர அளவு உயர்ந்தும் துத்தநாக அளவு தாழ்ந்தும் காட்டும். அது குணமான பின்னரே இரத்தம் எடுப்பது நலம்.

முடிவைப் புரிந்து கொள்ளுதல்

உடலுக்குத் தேவையான தாமிரம் கல்லீரலில் சேமித்து வைக்கப்படுகிறது. அந்தச் சேமிப்புக் கரையும் வரை இரத்தத்தின் அளவு குறைவதில்லை. குதிரில் நெல் தீரும் வரை அடுப்பு எரிவதைப் போன்றது இது. எனவே அளவு குறைந்திருந்தால் குறை முற்றிவிட்டது எனலாம். இயல்பாக இருந்தால் குறையே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஒரு மாட்டின் இரத்தத்தை மட்டும் நம்பாமல், ஒரே ஊரில் ஒரே வகைத் தீவனம் தின்னும் ஏழெட்டு மாடுகளைச் சேர்த்துப் பரிசோதிப்பது நல்லது. ஒன்றிரண்டு மாடுகளே வைத்திருப்போர் அக்கம் பக்கத்தாருடன் கூடி இதைச் செய்யலாம்.

ஆடுகளுக்கு எச்சரிக்கை

குறை இருக்குமென்று தாங்களாகவே தாமிர மருந்து கொடுப்பது ஆபத்து. செம்மறி ஆடுகளுக்குத் தாமிரம் மிஞ்சினால் நஞ்சாகும். கல்லீரலில் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஒரு நாள் திடீரென மஞ்சள் காமாலையும் கருஞ்சிவப்புச் சிறுநீரும் கண்டு ஆடு மடியும். மாட்டிற்கான தாமிரம் கலந்த தாது உப்பைச் செம்மறிக்கு வைக்கவே கூடாது.

கறவைப் பசுவிற்கு நாள்தோறும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையை அடர் தீவனத்தில் கலந்து கொடுத்து வந்தால் பெரும்பாலான குறைகள் வராமல் தடுக்கலாம். அதன் பிறகும் பசு பருவத்திற்கு வராவிட்டால், கால்நடை மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து கொள்ளலாம்.