பழைய கணினியைத் துடைத்து எழுப்புதல்

பொத்தானை அழுத்தி, காபி குடித்து முடித்த பின்னும் திரை தெளியாமல் அடம்பிடிக்கும் கணினியைக் கண்டவுடன், அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று தீர்மானித்துப் பழைய இரும்புக்காரரிடம் ஒப்படைப்பது நம்மில் அநேகருடைய வழக்கம். ஆனால் கணினியின் முதுமை இரண்டு விதம். ஹார்ட் டிஸ்க் முதலிய பாகங்களின் தேய்மானம் ஒன்று. வருஷக்கணக்காக நாம் ஏற்றி மறந்துபோன மென்பொருள்கள், கணினி விழிக்கும்போதே தாமும் விழித்துக்கொண்டு பின்னணியில் ஓடுவதால் உண்டாகும் பாரம் மற்றொன்று. முன்னதற்குப் பாகத்தை மாற்றுவதே பரிகாரம்; பின்னதற்கோ, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே போதும்.

இவ்விரண்டும் இல்லாமலே ஒரு கணினி கைவிடப்படுவதும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஓ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், ஏறத்தாழ 2018-க்குப் பிந்தைய செயலியும் வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. ஆகவே திடகாத்திரமான யந்திரங்கள் பலவும் திக்கற்று நிற்கின்றன. இவற்றுக்கு லினக்ஸ் என்னும் இயங்குதளம் நல்ல புகலிடம். அதன் வகைகளுள் லினக்ஸ் மின்ட் அநேக நாடுகளில் பிரசித்தமானது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழிலேயே வேலை செய்யலாம். லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், டிஸ்கில் ஓர் எழுத்தையும் தொடாமல், நம் கணினியின் ஒலி, திரை, வைஃபை எல்லாம் அதற்கு இசைகின்றனவா என்று முன்கூட்டியே பரீட்சித்துக்கொள்ள முடியும்.

உண்மையான சிரமம் துடைப்பதில் இல்லை. துடைப்பதற்கு முன் எது நம்முடையது என்று கண்டெடுப்பதில் இருக்கிறது. புகைப்படங்களை யாரும் மறப்பதில்லை. கடைக் கணக்கு மென்பொருள் தன் தரவை எந்த ஃபோல்டரில் வைத்திருக்கிறது என்பதும், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும்தாம் பெரும்பாலும் மறந்துபோகின்றன. இவற்றை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, அந்தப் பிரதி வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே செல்வது உசிதம்.

கணினியைப் பிறருக்குக் கொடுப்பதாயின் இன்னும் அதிக ஜாக்கிரதை அவசியம். ஒரு கோப்பை அழித்தால், புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்தது போலத்தான். பக்கங்கள் அப்படியே இருக்கும். ‘குயிக் ஃபார்மட்’ செய்வதும் ஏறக்குறைய இதுவே. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் பழைய ஹார்ட் டிஸ்குகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இயங்கிய 129 டிஸ்குகளுள் 12 மட்டுமே முறையாகத் துடைக்கப்பட்டிருந்தன. ஏனையவற்றில் கிரெடிட் கார்டு எண்கள்கூட அகப்பட்டன. சுழலும் டிஸ்குக்கு, முழுப் பரப்பிலும் பூஜ்யத்தை எழுதும் முழு ஃபார்மட் பொதுவாகப் போதும். சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி.யோ தேய்மானத்தைப் பரவலாக்குவதற்காக எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொண்டிருப்பதால், அதற்கென்று உள்ள ‘செக்யூர் இரேஸ்’ கட்டளையைப் பிரயோகிப்பதே சரி.

நிறுவும் காரியம் சுலபம். 8 ஜி.பி. பென் டிரைவில் நிறுவல் கோப்புகளை ஏற்றி, கணினி விழிக்கும் தருணத்தில் எஃப்12 போன்ற விசையை அழுத்தி அதிலிருந்து துவக்கினால், விண்டோஸின் நிறுவல் திரை, டிஸ்கின் பகுதிகளைப் பட்டியலிட்டுக் காட்டும். வெளி டிஸ்கைக் கழற்றிவிட்டோமா என்று மறுபடி பார்க்கவேண்டிய இடம் இதுதான். இங்கே தவறான வரியில் ‘டெலீட்’ கொடுத்தால் பத்திரப்படுத்திய பிரதியும் போய்விடும். நிறுவிய பின் இணையம் இருந்தும் வலைத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுத்தால், கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் நாணய அளவில் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்து, தேதி பல வருஷம் பின்னோக்கிப் போயிருக்கும். தேதி தவறினால் தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். அற்ப விலையுள்ள அந்த வில்லையை மாற்றினால் கோளாறு தீரும்.

இவ்வளவும் செய்த பின்னும் வேகம் வராவிட்டால், பிரயாசை வீண் என்று நினைக்கவேண்டியதில்லை. மென்பொருளின் மீதிருந்த சந்தேகம் நீங்கி, குற்றம் பெரும்பாலும் பாகத்தினுடையது என்று நிர்ணயமாகிவிட்டது. ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. வாங்கத் தயக்கமின்றிப் பணம் செலவிடலாம்.