லால் பத்தியும் வெள்ளைக் கோடும்

தில்லிக்கு வந்து சேரும் நம் தமிழ் மாணவர்கள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் சொற்களில் ஒன்று 'லால் பத்தி'. சிவப்பு விளக்கு என்பது அதன் பொருள். ஆயினும் இவ்வூரார் நாற்சந்தியையே அப்பெயரால் வழங்குகின்றனர். விளக்கு பச்சையாக எரிந்தாலும் அது லால் பத்திதான். விளக்குக்கு இத்துணை மதிப்புக் கொடுக்கும் நாம், அதற்கு முன்னே தரையில் கிடக்கும் வெள்ளைக் கோட்டைப் பொருட்படுத்துவதே இல்லை. நானும் பொருட்படுத்தாமல்தான் இருந்தேன், சென்ற ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு மாலை வரையில்.

அன்று ஸ்கூட்டரை ஓட்டியவன் நான். பின்னால் என் அறை நண்பர் அமர்ந்திருந்தார். நாங்கள் வலப்பக்கம் திரும்ப வேண்டும். சிவப்பு விழுந்திருந்தது. அச்சாலையில் நடுத்திட்டு இல்லை. இடப்பக்க வரிசைக்குரிய நிறுத்தக்கோடு முன்னேயும், வலப்பக்க வரிசைக்குரியது சில அடிகள் பின்னேயும் போடப்பட்டிருந்தன. சாயம் பூசியவர் கை தவறிவிட்டார் போலும் என்று எண்ணிக்கொண்டு, கோட்டைத் தாண்டி முன்னே போய் நின்றேன்.

இடப்புறக் குறுக்குச் சாலையிலிருந்து ஒரு பஸ் வலப்பக்கமாகத் திரும்பி எங்கள் சாலைக்குள் நுழைந்தது. அதன் முகப்பு எங்களைவிட்டு நன்றாக விலகியே சென்றது. அப்பாடா என்று மூச்சுவிட்டேன். ஆனால் அதன் உடல் எங்கள் பக்கம் சரிந்து சரிந்து வந்தது. பின்சக்கரம் எங்கள் முன்சக்கரத்தைத் தட்டியது. வண்டி கவிழ்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. நண்பருக்குக் கணுக்காலில் எலும்பு முறிவு.

பஸ்காரர்மேல்தான் குற்றம் என்று நான் கூச்சலிட்டேன். போக்குவரத்துக் காவலர் பதில் பேசாமல் என் கையைப் பிடித்துப் பின்னே அழைத்துப் போனார். கோட்டைச் சுட்டி, "யே லகீர் கிஸ்லியே ஹை?" என்றார். இந்தக் கோடு எதற்காக? பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. பயிலும் எனக்கு விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில் அந்தப் பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். நம்மூர்களில் தெருமுனை வீட்டுக்காரர்கள் சுவரோரமாக ஒரு கல்லை நட்டு வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். கரும்பு ஏற்றிய வண்டி திரும்பும்போது சுவரை இடித்துவிடாமல் இருப்பதற்கான காப்பு அது. நீண்ட வண்டி வளையும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்தில் செல்வதில்லை. உட்புறத்தை வெட்டிக்கொண்டு செல்லும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 6 மீட்டர் உள்ள பஸ், முன்சக்கரம் 12 மீட்டர் ஆரத்தில் அமையுமாறு வட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த செங்கோண முக்கோண விதிப்படி, 144-இல் 36 போக 108. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 10.4. பின்சக்கரம் செல்லும் வட்டம் 1.6 மீட்டர் உள்ளே வந்துவிடுகிறது. சந்தியின் திருப்பம் முழு வட்டமன்று. ஆகவே அங்கே அளவு சற்றுக் குறையலாம். ஆனால் ஒரு மீட்டரே ஸ்கூட்டரைக் கவிழ்க்கப் போதுமே! இடப்பக்கம் வண்டி ஓட்டும் நம் நாட்டில், எதிரே திரும்பி வரும் பஸ்ஸின் பின்சக்கரம் வெட்டுவது சாலையின் நடுவை ஒட்டி நிற்பவர்களின் பக்கமாகத்தான். அதனாலேயே வலப்பக்கக் கோடு பின்தள்ளிப் போடப்பட்டிருந்தது. சாயக்காரர் கை தவறவில்லை. தவறியது என் கருத்துத்தான்.

கோட்டுக்கு இரண்டாவது வேலையும் உண்டு. அது கணக்கின் தொடக்கப் புள்ளி. மஞ்சள் விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும், எல்லாத் திசைக்கும் சிவப்பு விழும் இடைவேளை எவ்வளவு இருக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் அக்கோட்டிலிருந்து அளந்தே முடிவு செய்கின்றனர். மஞ்சள் விளக்கின் சிக்கலை 1960-இல் காசிஸ், ஹெர்மன், மாரதுதின் என்னும் மூவர் ஓர் ஆய்வுரையில் ஆராய்ந்தனர். அவர்களுள் ராபர்ட் ஹெர்மன் நம் துறைக்கு அயலாரல்லர். அண்டம் முழுவதும் பரவிக் கிடக்கும் பின்னணிக் கதிர்வீச்சை 1948-லேயே ஆல்ஃபருடன் சேர்ந்து முன்கூட்டிச் சொன்னவர் அவர். அண்டத்தின் தோற்றத்தை ஆராய்ந்த அறிவு நாற்சந்தி விளக்கையும் இழிவாகக் கருதவில்லை.

அவர்கள் வழியில் நாமும் ஒரு கணக்குப் போடுவோம். வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதாவது நொடிக்கு 13.9 மீட்டர். மஞ்சளைக் கண்டு பிரேக்கை அழுத்த 1 நொடி ஆகிறது. பிறகு வேகம் ஒவ்வொரு நொடியும் 3 மீட்டர் வீதம் குறைகிறது. நிற்பதற்குள் வண்டி கடக்கும் தூரம் 46 மீட்டர். மஞ்சள் 3 நொடி எரிந்தால் அதற்குள் அதே வேகத்தில் ஓடக்கூடியது 42 மீட்டர்தான். எனவே, கோட்டிலிருந்து 44 மீட்டர் தொலைவில் இருப்பவர் திரிசங்குவின் நிலையில் இருக்கிறார். அவரால் நிற்கவும் முடியாது. சிவப்பு விழுமுன் கோட்டை எட்டவும் முடியாது. வேகத்தை 40 கிலோமீட்டராகக் குறைத்துப் பாருங்கள். நிற்க 32 மீட்டர் போதும். 3 நொடியில் ஓடக்கூடியதோ 33 மீட்டர். இடர் நீங்கிவிடுகிறது! சந்தியை நெருங்கும்போது மெல்லச் செல்க என்னும் அறிவுரைக்குள் இவ்வளவு கணிதம் ஒளிந்திருக்கிறது. அந்தத் திரிசங்கு நிலையில் அகப்பட்டுக் கடந்துபோகிறவருக்காகவே எல்லாத் திசைக்கும் சிவப்பு விழும் அந்த இரண்டொரு நொடிகள். கோட்டைத் தாண்டி நிற்கிறவன் அவருடைய பாதையில் நிற்கிறான்.

சந்திகளில் காணும் வேறு சில குறிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவற்றின் இலக்கணத்தை, 1934-இல் தோன்றிய இந்தியச் சாலைகள் காங்கிரஸ் தன் 35-ஆம் எண் விதித்தொகுப்பில் வகுத்துள்ளது.

குறுக்கே முழுக்கோடு கிடந்தால், 'இங்கே நில்' என்று பொருள். துண்டு துண்டாக இரட்டைக் கோடு கிடந்தால், 'பெருஞ்சாலையில் வருபவருக்கு வழிவிட்டுச் செல்' என்று பொருள். வரிசைகளைப் பிரிக்கும் நெடுங்கோடு சந்தியை நெருங்கும்போது துண்டுகள் சேர்ந்து முழுக்கோடாகிவிடும். இனி வரிசை மாறாதே என்பது அதன் கட்டளை.

சந்தியின் நடுவே மஞ்சள் கோடுகள் பாய்முடைந்தாற்போல் பின்னிக் கிடக்கும் கட்டமும் உண்டு. இலண்டனில் சோதித்துப் பார்த்தபின் பிரிட்டனில் 1967-இல் இது நடைமுறைக்கு வந்தது. பச்சை விழுந்திருந்தாலும், அப்பால் வெளியேற இடமில்லையென்றால் இக்கட்டத்துள் நுழையக்கூடாது. நுழைந்தால் குறுக்குச் சாலையும் அடைபடும். அது அடைபட்டால் அதற்கடுத்த சந்தியும் அடைபடும். ஒருவரது அவசரம் ஊரையே நிறுத்திவிடும்.

தரையில் எழுதிய எழுத்துகள் ஒட்டகக் கழுத்துப்போல் நீண்டு விகாரமாகத் தோன்றுகின்றனவே, ஏன்? ஓட்டுநரின் கண் அவற்றைச் சாய்வாகத் தொலைவிலிருந்து பார்க்கிறது. அப்பார்வையில் நீளம் சுருங்கி எழுத்து இயல்பாகிவிடும். பக்கத்தில் நின்று நகைப்பவருக்காக அவை எழுதப்படவில்லை.

இரவில் கோடு ஒளிர்வதும் வேடிக்கையன்று. சாயத்தில் சிறு கண்ணாடி மணிகளைத் தூவியிருக்கிறார்கள். விளக்கொளி மணிக்குள் புகுந்து, வளைந்து, பின்னுள்ள சாயத்தில் பட்டு, வந்த திசையிலேயே திரும்புகிறது. ஆகவே எவருடைய விளக்கோ அவருடைய கண்ணுக்கே கோடு பளிச்சிடும். மணிகள் தேய்ந்துவிட்டாலோ, தில்லியின் தைமாதப் பனிமூட்டம் கவிந்தாலோ அந்த உதவி குறைந்துபோகும். அப்போது நாம்தான் கோட்டைத் தேடிப் பார்த்து நிற்க வேண்டும்.

நண்பர் ஆறு வாரம் மாவுக்கட்டுடன் கோல் ஊன்றி ஆய்வுக்கூடத்தின் படிகளில் ஏறினார். ஒருநாளும் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனை. அவருடைய தாயார் ஊரிலிருந்து தொலைபேசியில் பேசியபோது, "தம்பி, அவனைப் பத்திரமாப் பாத்துக்கப்பா" என்று என்னிடமே சொன்னார்கள். வண்டி ஓட்டியவன் நான்தான் என்று அவர்களுக்கு அவர் சொல்லவேயில்லை. அன்று நா எழாமல் போனேன். விடுமுறையில் நேரில் சென்று நானே சொன்னேன்.

சிவப்பு விளக்கை மீறுவதை அபாயகரமான ஓட்டல் என்றே 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வகைப்படுத்துகிறது. ஆனால் தண்டத்துக்கு அஞ்சி நிற்க வேண்டாம், நண்பர்களே. காரணம் அறிந்து நில்லுங்கள். இன்று மாலை நம் வாயிலருகே உள்ள லால் பத்திக்குச் செல்லும்போது ஒரு கணம் தரையையும் பாருங்கள். கோடு எங்கே கிடக்கிறதோ, அங்கே அது கிடப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் ஒரு தாயார் இருக்கிறார்.