ஆட்டுத் தடத்தில் கிராவல் சைக்கிள்

ஸ்பெயினில் ஆட்டு மந்தைக்கென்றே ஒதுக்கிய சாலைகள் உண்டு. அவற்றில் பெரியவை 75 மீட்டர் அகலம். கோடையில் மலைக்கும் குளிர்காலத்தில் தெற்குச் சமவெளிக்கும் ஆடுகளை ஓட்டிப்போக இடைக்காலத்திலேயே உருவான தடங்கள் அவை. 1273-ல் காஸ்தீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோ, ‘மெஸ்தா’ என்ற கால்நடை உரிமையாளர் சங்கத்துக்குச் சலுகைகள் வழங்கினார். அந்நாளில் கஜானாவை நிரப்பியதில் செம்மறி ரோமத்துக்குப் பெரும் பங்கு இருந்தது. அன்று அண்டை நாடாக இருந்த அரகோனிலும் ஆடு வளர்ப்போருக்கு இப்படிச் சங்கங்கள் இருந்தன. மெஸ்தா 1836-ல் கலைக்கப்பட்டது. தடங்கள் மட்டும் மிஞ்சின. 1995-ல் வந்த சட்டம் அவற்றைப் பொதுச்சொத்து என்று உறுதிசெய்தது. மந்தைக்கு இடைஞ்சல் இல்லாதவரை நடப்பவர்களும் குதிரையில் வருபவர்களும் மோட்டார் இல்லாத வண்டி ஓட்டுபவர்களும் அதில் போகலாம் என்றும் சொன்னது.

இந்தச் சட்டத்தின் பலனை இன்று அனுபவிப்பவர்களில் கிராவல் சைக்கிள்காரர்களும் உண்டு.

ரேஸ் சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில்பார், ஆனால் 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை தடித்த டயர், காற்று குறைவாக அடைத்த டியூப்லெஸ் சக்கரம், செங்குத்தான ஏற்றத்துக்கும் ஈடுகொடுக்கும் கியர். இதுதான் கிராவல் சைக்கிள். தார் ரோட்டிலும் ஓடும், சரளையிலும் ஓடும். பைகளை ஃபிரேமிலும் சீட்டுக்கு அடியிலும் கட்டிக்கொண்டால் பல நாள் பயணத்துக்கு அது ஒன்றே போதும். உலக சாம்பியன் போட்டியே 2022-ல் இத்தாலியில்தான் முதன்முறையாக நடந்தது என்றால், இந்த விளையாட்டு எவ்வளவு புதியது என்பது புரியும். ஆனால் அது தேடிப் போகும் பாதைகள் மிகப் பழையவை.

கிழக்கு ஸ்பெயினின் ஐபீரிய மலைத்தொடரில் அப்படிப்பட்ட பாதைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆட்டுத் தடம், மரம் ஏற்றும் லாரிக்காக வெட்டிய காட்டு ரோடு, ஊருக்கு ஊர் கழுதை போன வழி எல்லாம் அங்கே பின்னிக் கிடக்கின்றன. இவற்றைக் கோத்து, தெருவெல் நகரில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் சுமார் 680 கிலோமீட்டர் வட்டப் பாதை ஒன்றை எர்னெஸ்தோ பாஸ்தோர் என்ற சைக்கிள் பயணி வகுத்திருக்கிறார். பெயர் ‘மொன்தானியாஸ் வாசியாஸ்’, அதாவது காலி மலைகள். தெருவெல், குவென்கா, குவாதலஹாரா மாகாணங்களின் உயரமான பகுதிகளில் அது சுற்றி வருகிறது. பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான். போட்டி கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது.

அந்தப் பெயரில் மிகை எதுவும் இல்லை. தெருவெல் மாகாணத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இரண்டரை லட்சம் பேர் வாழ்ந்தார்கள். இன்று சுமார் 1,35,000 பேர். மாகாணத்தின் பரப்பு கிட்டத்தட்ட 15,000 சதுர கிலோமீட்டர். மலைப்பகுதியில் சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர்கூட இல்லாத இடங்கள் உண்டு. அதனால்தான் ‘தெற்கின் லாப்லாந்து’ என்ற பெயரும் இந்த வட்டாரத்துக்கு வந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வலென்சியா, பார்சிலோனா, சரகோசா ஆலைகளில் வேலை கிடைத்தபோது ஊர் ஊராக மக்கள் இறங்கிப் போனார்கள். முதலில் இளைஞர்கள் போனார்கள். பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடம் மூடியது. பள்ளிக்கூடம் மூடிய ஊரில் மிச்சக் குடும்பங்களும் தங்கவில்லை. தெருவெலிலிருந்து தலைநகர் மாட்ரிட்டுக்கு நேரடி ரயில் இன்றும் இல்லை. இந்தப் புறக்கணிப்பை எதிர்த்து 1999-ல் பிறந்த குடிமக்கள் இயக்கம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘தெருவெலும் இருக்கிறது’. 2019 தேர்தலில் அது நாடாளுமன்றத்துக்கே ஓர் உறுப்பினரை அனுப்பியது.

ஆகவே சைக்கிளில் வருபவர் ரசிக்கும் அமைதி இயற்கை கொடுத்தது மட்டுமல்ல. பாதி அமைதி, மனிதர்கள் போய்விட்டதால் வந்தது. இதைத் தெரிந்துகொண்டு ஓட்டினால்தான் இந்தப் பாதை முழுசாகப் பிடிபடும்.

தெருவெலிலிருந்து மேற்கே போனால் முதலில் வருவது அல்பராசின். ஆற்று வளைவுக்கு மேலே, ரோஜா நிறச் சாந்து பூசிய வீடுகள். ஊரைத் தாண்டியதும் செம்மணற்பாறைகளுக்கு நடுவே பைன் காடு. பாறைகளில் ஆதி மனிதர் தீட்டிய மாடுகளும் வேட்டைக்காரர்களும் இன்றும் தெரிகின்றன. மத்தியதரைக் கடல் வட்டாரப் பாறை ஓவியங்களில் சேர்த்து யுனெஸ்கோ 1998-ல் அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. காட்டு ரோட்டில் செந்நிறப் பொடிமண் டயரை இழுக்கும். மேலே ஏற ஏற மண் வெளுத்துச் சுண்ணாம்புக்கல் ஆகும், பைன் குறைந்து ஜூனிபர் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும்.

அங்கிருந்து மோந்தெஸ் உனிவெர்சாலெஸ் மலைகள். ஐபீரியத் தீபகற்பத்தின் மிக நீண்ட ஆறான டேகஸ் இங்கே ஒரு புல்வெளி ஊற்றில் பிறந்து 1,000 கிலோமீட்டர் ஓடி லிஸ்பனில் அட்லாண்டிக்கைத் தொடுகிறது. ஊற்றருகே 1974-ல் சிற்பி ஹோசே கொன்ஸால்வோ அமைத்த பெரிய உலோகச் சிலைகள் நிற்கின்றன: ஆற்றுக்கு ஒன்று, அது முதலில் தொட்டுப் போகும் மூன்று மாகாணங்களுக்கு ஒவ்வொன்று. அதே மலைக்கூட்டத்திலேயே பிறக்கும் குவாதலாவியார், ஹூகார், கப்ரியேல் ஆறுகளின் நீர் எதிர்த்திசையில் மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. ஒரு நாள் பயணத்துக்குள் இரண்டு கடல்களின் நீர்ப்பிரிப்பைச் சைக்கிளில் தாண்டிவிடலாம். ஏற்றம் கடுமையாக இருக்காது. ஆனால் பீடபூமியில் காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது.

குவாதலாவியார் என்ற பெயரில் ஊரும் ஒன்று உண்டு. மந்தை இடப்பெயர்வுக்கு அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைவிட முக்கியம், அந்த மரபு அங்கே இன்னும் நடைமுறையில் இருப்பது. குளிர் தொடங்கும்போது இந்த மலையின் ஆயர் குடும்பங்கள் சில, ஆடு மாடுகளோடு தெற்கே சியெர்ரா மொரேனா அடிவாரத்துக்கு நடந்தே இறங்கி, வசந்தம் முடியும்போது திரும்ப ஏறுகிறார்கள். இப்படி மந்தை நடத்தும் மரபை யுனெஸ்கோ 2019-ல் தன் பட்டியலில் சேர்த்தது. ஸ்பெயினையும் அதில் இணைத்தது 2023-ல். பாதையில் மந்தை எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். காவல் நாய் மோப்பம் பிடித்துத் திருப்தி அடையும்வரை அசையாமல் நிற்பது நல்லது. சட்டப்படியே முதலுரிமை ஆட்டுக்கு.

வடமேற்கே ஆல்தோ தாஹோ பள்ளத்தாக்கில் டேகஸ் ஆறு பாறையை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. வெட்டிய பைன் மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு, நீண்ட கொக்கிக் கழியோடு கரையிலும் கட்டைகள் மேலும் நடந்தே கொண்டுசேர்த்த தொழிலாளர்கள் இங்கே இருந்தார்கள். ஹோசே லூயிஸ் சம்பேத்ரோ 1961-ல் அவர்களைப் பற்றி ஒரு நாவலே எழுதினார். லாரி வந்த பின் அந்தத் தொழில் போனது; லாரிக்காகப் போட்ட ரோடுதான் இப்போது சைக்கிளுக்குக் கிடைத்திருக்கிறது.

மண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காய்ந்திருக்கும்போது இந்தப் பாதைகளில் டயர் வழுக்கிக்கொண்டு பறக்கும். மழை பெய்தால் களிமண் இருக்கும் இடத்தில் கதை வேறு. முதலில் டயரில் ஒரு பூச்சு ஒட்டும். அதன்மேல் சரளை ஒட்டும், பைன் ஊசி ஒட்டும். ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையில் இருக்கும் விரற்கடை இடைவெளி நிறைந்ததும் சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிடும். அப்போது பெடலை அழுத்தி மிதித்தால், பின் கியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு முறிந்துபோகும். அது இல்லாமல் கியர் இல்லை. அனுபவசாலிகள் அந்தத் துண்டில் இன்னொன்றைப் பையில் வைத்திருப்பார்கள். மழை வந்தால் இறங்கி, குச்சியால் சுரண்டி, பக்கத்துத் தார் ரோட்டைத் தேடுவார்கள்.

காலத்தையும் பார்த்துத்தான் போக வேண்டும். தெருவெல், கலமோச்சா, மொலினா தே அரகோன் மூன்றும் ஸ்பெயினின் ‘குளிர் முக்கோணம்’. 1963 டிசம்பரில் கலமோச்சாவில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி பதிவானது. கோடையில் நண்பகல் வெயில் கொளுத்தும், இரவில் கம்பளி கேட்கும். மே இறுதியும் ஜூனும் நல்லவை. அதைவிட நல்லது செப்டம்பர் கடைசி: வெயில் தணிந்திருக்கும், காட்டில் ஆண் மான்கள் துணை தேடிக் கத்தும் ஓசை பொழுது சாயும்போது பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும்.

நீண்ட பயணத்துக்கு நேரமோ தெம்போ இல்லாதவர்களுக்கும் அங்கே வழி இருக்கிறது. ஓஹோஸ் நெக்ரோஸ் சுரங்கத்தின் இரும்புத் தாதுவைச் சகுந்தோ துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1900-களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனம் தனியாக ரயில் பாதை போட்டது. 1972-ல் ரயில் நின்றது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு அதே தளத்தில் இன்று சைக்கிள் பாதை. ஸ்பெயினில் இந்த வகையில் மிக நீளமானது இதுதான். பாரம் ஏற்றிய ரயிலுக்காகப் போட்டதால் சரிவு மென்மையானது. சுரங்கவழிகள், பாலங்கள் வழியே மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கலாம். பிள்ளைகளோடு வரும் குடும்பங்களுக்கு இதையே பரிந்துரைக்கலாம்.

உணவும் தண்ணீரும்தான் காலி மலைகளின் உண்மையான சோதனை. தண்ணீருக்கு ஊர்தோறும் கல் தொட்டியோடு ஊற்றுக்குழாய் உண்டு. சுத்திகரிக்காத நீர் என்று பலகை இருந்தால் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு நாளும் நேரமும் பார்த்துத் திட்டமிட வேண்டும். ரொட்டி வேனில் வரும், ஹாரன் சத்தம் கேட்டு ஊரார் பையோடு வெளியே வருவார்கள், ஐந்து நிமிடத்தில் வேன் அடுத்த ஊருக்குப் போய்விடும். கடை மதியம் மூடினால் மாலையில்தான் திறக்கும், சில ஊர்களில் திங்கட்கிழமை திறக்கவே திறக்காது. தெருவெல் மாகாணத்தின் சின்ன ஊர்களில் ஊராட்சியே கட்டடம் கொடுத்து, ஒரு குடும்பத்தை அமர்த்தி, மளிகை, பார், சில இடங்களில் தங்கும் அறை எல்லாவற்றையும் ஒரே கூரைக்கு அடியில் நடத்த வைக்கிறது. ஊரில் கடைசியாக மிஞ்சிய பொது இடம் அதுதான். முதியவர்கள் சீட்டு விளையாடுவது அங்கே, மருந்து வந்ததா என்று விசாரிப்பது அங்கே.

அப்படி ஒரு கடையில், தக்காளி தேய்த்த ரொட்டிக்குள் தெருவெல் ஹாம் வைத்து ஒரு காபியோடு தருவார்கள். 1984-ல் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பைப் பெற்ற ஹாம் அது. ஸ்பெயினில் ஹாமுக்கு அந்தத் தகுதி முதலில் கிடைத்தது தெருவெலுக்குத்தான். சைக்கிள்காரர் அங்கே செலவிடும் சில யூரோக்கள் அந்தக் குடும்பத்தின் மாதக் கணக்கில் நிஜமாகவே தெரியும். எனவே, பையில் ஒரு வார உணவை நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் நிரப்பிக்கொண்டு, ஊர்களை வெறும் குழாயடியாக மட்டும் பார்த்துக் கடந்துபோகிறவர்கள் பாதையின் சிறந்த பகுதியைத் தவறவிடுகிறார்கள். ஊர்களுக்கும் அவர்களால் ஒன்றுமில்லை. மெதுவாக ஓட்டி, தினமும் இரண்டு ஊர்களில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஓர் இரவாவது அறை எடுத்துத் தங்குவதே இந்தப் பாதைக்கு ஏற்ற முறை.

சைக்கிள் மட்டும் ஊரைக் காப்பாற்றாது. ஹவலாம்ப்ரே மலையடியில் இருக்கும் சர்ரியோன் ஊரைக் காப்பாற்றியது கருப்பு டிரஃபிள் என்ற நிலத்தடிக் காளான். வறண்ட, கல் நிறைந்த சுண்ணாம்பு மண்ணில் ஓக் கன்றுகளை, காளான் வித்தை வேரில் ஏற்றி நட்டார்கள். காய்ப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். இன்று உலகிலேயே அதிகமாகக் கருப்பு டிரஃபிள் விளையும் வட்டாரங்களில் இது முன்னணியில் இருக்கிறது. வெளியூர் போன இளைஞர்கள் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். பழைய தாது ரயில் பாதை இந்த ஊர்ப் பக்கமாகத்தான் போகிறது. குளிர்காலத்தில் வருகிறவர்கள் வரிசை வரிசையான ஓக் மரங்களுக்கு அடியில் மோப்ப நாயோடு குனிந்து மண்ணைக் கிளறும் விவசாயிகளைப் பார்க்கலாம். சைக்கிளை நிறுத்திக் கேட்டால், எந்த மரம் இந்த ஆண்டு கொடுத்தது, எது ஏமாற்றியது என்று சொல்வார்கள்.