உங்களுக்குத் தெரியுமா? சூனியத்துக்கு எதிராகப் பதினொரு வசனங்கள்

குர்ஆனின் கடைசி இரு அத்தியாயங்களான ஃபலக் (113), நாஸ் (114) இரண்டையும் சேர்த்தாலும் 11 வசனங்கள்தாம். சூனியம், கண்ணேறு, பொறாமை எதுவானாலும் காவல் தேடும் முஸ்லிம் முதலில் ஓதுவது இவற்றைத்தான். இவற்றோடு இக்லாஸ் அத்தியாயத்தையும் ஓதி, சேர்த்துப் பிடித்த உள்ளங்கைகளில் ஊதி, தலை, முகம் தொடங்கிக் கை எட்டும் மட்டும் உடலைத் தடவிக்கொள்வது நபிகள் நாயகத்தின் இரவு வழக்கம். மும்முறை செய்வார் என்று அவருடைய மனைவி ஆயிஷா அறிவித்தது புகாரி நபிமொழித் தொகுப்பில் உள்ளது.

மதீனாவில் லபீத் என்பவன் சீப்பையும் முடியையும் பேரீச்சம்பாளை உறையில் பொதிந்து, கிணற்றில் போட்டு நபிக்கே சூனியம் வைத்தான் என்ற செய்தியும் அதே தொகுப்பில் வருகிறது. குணமடைந்த நபி, மக்களிடையே கலகம் மூட்ட விரும்பாமல் கிணற்றை மூடச் செய்தாராம். பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் இச்செய்தியை 10ஆம் நூற்றாண்டு ஹனஃபி சட்டப்பிரிவு அறிஞர் ஜஸ்ஸாஸ் ஏற்கவில்லை. துணிச்சலான மறுப்புதான்!

தாயத்திலோ சண்டை இன்னும் தீரவில்லை. குர்ஆன் வசனம் மட்டும் எழுதிக் கட்டினால் தவறில்லை என்பார் சிலர். அதுவும் கூடாது என்பார் மற்றவர்.

ஓதிப் பார்ப்பதற்குக் கூலி வாங்கலாமா? தேள் கடித்த ஒரு குலத் தலைவருக்கு நபித்தோழர் ஒருவர் ஃபாத்திஹா அத்தியாயத்தை ஓதி ஆடுகளைப் பெற்றார். கேள்விப்பட்ட நபி சிரித்துக்கொண்டே, தமக்கும் ஒரு பங்கு வைக்கச் சொன்னார்.