ஆமை வளர்ப்பு: சட்டமும் தீனியும்

மும்பையின் மாட்டுங்கா அடுக்ககங்களில் ஆமை வளர்க்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த இனம் என்பதை. சட்டம், தீனி, இடம் மூன்றும் இனத்துக்கு இனம் மாறும்.

நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். தென்னிந்தியாவிலும் குஜராத், ராஜஸ்தான், இலங்கையிலும் புதர்க்காடுகளில் வாழும் இந்த நில ஆமை, 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ஆமை இருக்கும் வீட்டில் செல்வம் தங்கும் என்ற நம்பிக்கை கள்ளச் சந்தையை வாழவைக்கிறது. எங்காவது இந்த ஆமை தென்பட்டால் மகாராஷ்டிர வனத்துறையின் 1926 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

ஆப்பிரிக்காவின் சல்காட்டா ஆமையை வளர்ப்பவர், 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் குட்டி, வளர்ந்தால் 50 கிலோவையும் தாண்டும். அடுக்ககம் அதற்குப் போதாது. இதன் தீனியில் பெரும்பங்கு புல்லும் வைக்கோலும். நார்ச்சத்தும் கால்சியமும் மிகுதியாகவும் புரதம் குறைவாகவும் இருக்க வேண்டும். பிள்ளையாருக்கு விற்கும் அருகம்புல், பூச்சிமருந்து படாத செம்பருத்தி இலையும் பூவும், சப்பாத்திக்கள்ளி ஆகியவை ஏற்றவை. பாலக்கில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடுவதால் அதை அன்றாடம் தரக்கூடாது. சோறு, ரொட்டி, பால், இறைச்சி அறவே வேண்டாம்.

அக்வேரியம் கடைகளில் விற்கப்படுவது அமெரிக்காவைச் சேர்ந்த செங்காது ஆமை. இது நீரில் இருந்தபடியே தின்னும். குட்டிக்குப் புரதம் மிகுதியாக வேண்டும். வளர வளரக் கீரையும் நீர்த்தாவரங்களும் கூட வேண்டும். தரமான ஆமை உருண்டையே அடிப்படைத் தீனி. டப்பாவில் வரும் காய்ந்த இறாலை மட்டும் போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும், கால்சியம் குறைந்து ஓடு மென்மையாகும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு நாளுக்கு ஒரு முறையும் தீனி போதும். தொட்டியில் கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டுவைத்தால் அதைக் கொறித்துக் கால்சியம் பெறும்.

வளர்ந்த பெண் செங்காது ஆமை 30 செ.மீ. வரை நீளும், 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அதற்குச் சில நூறு லிட்டர் நீர், வடிகட்டி, ஏறி உலரும் மேடை, அதன் மேல் சூடு தரும் விளக்கு எல்லாம் தேவை. புறஊதா பி கதிர் இல்லாமல் உடல் வைட்டமின் டி3-ஐ உண்டாக்காது. ஜன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் வெயில் அரிது என்பதால் அக்கதிரைத் தரும் விளக்கு அவசியம். பல விளக்குகள் எரிந்துகொண்டிருந்தாலும் ஓராண்டுக்குள் கதிர் குறைந்துவிடும், மாற்றிவிட வேண்டும்.

ஆமைகளின் குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். குழந்தைகளுக்குத் தொற்றியதால்தான் அமெரிக்கா 1975-இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமைத் தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது. தீனி எடுக்காமை, மூக்கில் நீர், ஒருபக்கமாகச் சாய்ந்து நீந்துதல் ஆகியவை தெரிந்தால், ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வளர்க்க முடியாமல் போனால் ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவது தவறு. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்களில் செங்காது ஆமையும் ஒன்று. உள்ளூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். பொறுப்பேற்கும் இன்னொருவரிடமோ விலங்கு மீட்பு அமைப்பிடமோ ஒப்படைப்பதே முறை.